ஆட்டோபைலட்டும் அண்ணி ஒட்டிய மாதாவும்

ஒரு மாதம் யோசித்து வாங்கிய ஆட்டோபைலட்டை, இன்று காலை மரக்காணத்தில் அண்ணனின் ஃபைபர் படகில் மாட்டினோம். திசையைச் சொன்னால் போதும், எஞ்சினை அதுவே திருப்பி ஓட்டும்.

கிழக்கே போகச் சொன்னோம். படகு கரையில் நின்ற அண்ணியை நோக்கியே திரும்பியது.

மாட்டித் தர வந்திருந்த திண்டிவனத்து மெக்கானிக், ஆட்டோபைலட்டுக்குத் திசை காட்டும் காம்பஸ் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் ஃபிரிட்ஜில் ஒட்டும் மாதா படம். பாதுகாப்புக்காக அண்ணி பசை போட்டு ஒட்டியிருந்தார்.

"இதுல காந்தம் இருக்குதுங்க, காம்பஸ் கொழம்புது. எடுத்துடுங்க."

"மாதாவையா?" என்றார் அண்ணி.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

கடைசியில் பெட்டியை மாதாவோடு அங்கேயே விட்டு, காம்பஸை மட்டும் கழற்றி, சற்றுத் தள்ளி மாட்டினார் மெக்கானிக். படகு நேராகப் போனது.

"பாத்தீங்களா, மாதாதான் இட்டுக்கினு போறாங்க" என்றார் அண்ணி.

மறுத்துப் பேச ஆள் இருந்தால் கமெண்டில் வரவும். அண்ணனும் நானும் அதற்கு ஆள் இல்லை.