சின்னம்மா வீட்டில் பீடி வாடை

கலசப்பாக்கத்தில் விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்த காலத்தில், பேய் விஷயத்தில் நான்தான் பெரிய ஆள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜவ்வாது மலையிலிருந்து வருகிறவளுக்குப் பேயைத் தெரியாமல் இருக்குமா என்பது அவர்கள் எண்ணம். நானும் மறுக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் முன்னால் இடம் கிடைக்கும் என்றால் இரண்டு பேய்களை அவிழ்த்துவிடுவதில் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. உண்மையில் அதுவரை நான் எந்தப் பேயையும் பார்த்ததில்லை, பயந்ததும் இல்லை.

அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சின்னம்மா பேருந்து நிறுத்தத்துக்கே வந்துவிட்டாள். இடுப்பில் மூன்று வயது மகள். சின்னம்மா என் சித்தப்பாவின் மனைவி. என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவள். எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொண்டவை. அம்மா திட்டினால் நான் ஓடுவது அங்கேதான்.

சித்தப்பா ஆடி மாதம் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். தோட்டத்தில் டவர் கிடைக்காது. எங்கள் ஊரிலும் கிடைக்காது. அப்பா சந்தைக்குக் கீழே இறங்கும் நாட்களில்தான் சித்தப்பாவின் அழைப்பு வரும். "நல்லா இருக்கானாம், புள்ளய கேட்டான்" என்று அப்பா வந்து சொல்வார். சின்னம்மாவுக்கு அது அடுத்த சந்தை வரைக்கும் போதும்.

பையை வாங்கிக்கொண்டவள் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "வூட்டுல எவனோ பூந்துட்டான்டி" என்றாள்.

"இன்னா சொல்ற?"

"பட்டப்பகல்ல பரண்மேல நடக்குறான். சாமை மூட்டைங்க பக்கம் காலடி கேக்குது. ஏறிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. பீடி நாத்தம் மட்டும் அடிக்குது."

"சித்தப்பா எங்கனா பழைய பீடிக்கட்டு சொருகி வெச்சிருப்பாரு."

"உங்க சித்தப்பா பீடிய வுட்டு மூணு வருசம் ஆச்சி. இவ பொறந்தன்னிக்கி இவ தலைமேல கைவெச்சி சத்தியம் பண்ணாரு. இது எவனோ அடுத்தவன்."

எனக்கு ஒரே குஷி. விடுதிக்குத் திரும்பும்போது கையில் நிஜப் பேய் இருக்கும். மறுநாள் காலையில் பரணில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் என் போனை வைத்து ஒலிப்பதிவைத் தட்டிவிட்டேன். துப்பறிகிற மிதப்பில் மாவைத் தூவி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாவில் ஒரு தடமும் இல்லை. போனில் சேவல் கூவியது, சின்னம்மா மகளை அதட்டினாள், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே இறங்கக் காலை ஏணியில் வைத்தபோது வாடை வந்தது. இப்போதுதான் யாரோ இழுத்து ஊதிய மாதிரி, முகத்துக்குப் பக்கத்தில். ஏணியின் பாதியிலிருந்து குதித்தேன். முழங்கால் சிராய்த்துக்கொண்டது. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பயந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புதுச்சாமைப் படையல். அறுத்த புதுச் சாமையை, செத்துப்போனவர்களுக்குக் கொடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்க மாட்டோம். செத்தவர் ஒருவருக்கு ஓர் இலை. வீட்டுக்கு மூத்த ஆண் இலையைத் தன் கையால் பறித்துவந்து உள்ளே போட்டு, சோறும் கோழிக்குழம்பும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவார். எங்களுக்கு எப்போதும் நான்கு இலை: தாத்தா, பாட்டி, பெரிய அத்தை, பெயர் வைக்கும் முன்னாலேயே போன என் தம்பி. சின்ன வயதிலிருந்தே தம்பியின் இலை எது என்று பார்ப்பது என் வேலை. குட்டி இலையாகப் பார்த்து அதைக் கடைசியில் போடுவார் அப்பா.

அந்த வருடம் கதவு சாத்துவதற்கு முன் எட்டிப் பார்த்தேன். குட்டி இலை கடைசியில் இல்லை. அதற்கு அடுத்து ஒரு பெரிய இலை கிடந்தது. நிறையச் சோறு வைத்திருந்தது. ஐந்து இலைகள்.

அப்பா தப்பாக எண்ணிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அந்த ஐந்தாவது இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் கை பாதியில் நின்றது. பிறகு சட்டென்று கதவைச் சாத்தினார். சின்னம்மா வெளியே அடுப்படியில் குழம்பு இறக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் களத்தில் அப்பா தனியாக இருக்கும்போது போய் நின்றேன்.

"அஞ்சாவது இலை யாருக்குப்பா?"

"கை தவறிப் போச்சி."

"யாருக்குப்பா?"

அப்பா உட்கார்ந்துவிட்டார். "கை தானா அஞ்சு பறிச்சிட்டுது. அண்ணங்காரன் கையாச்சே" என்றார்.

கேரளாவும் இல்லை, மிளகும் இல்லை. ஆடி மாதம் அப்பா ஆரணிப் பக்கம் கிணறு வெட்டப் போனதாகத்தான் எங்களுக்குத் தெரியும். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் நான்கு பேரும் எல்லை தாண்டிக் காட்டுக்குள் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டப் போயிருக்கிறார்கள். விடியும் நேரத்தில் எங்கேயோ விசில் சத்தம். எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். சித்தப்பா பாறையில் சறுக்கி விழுந்துவிட்டார்.

"நான் எறங்கிப் போறதுக்குள்ள முடிஞ்சி போச்சி. தூக்கிட்டு வர முடியல. கல்ல அடுக்கி மூடிட்டு வந்துட்டோம்" என்றார் அப்பா. "மீதி அஞ்சு பேரும் கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணிருக்கோம். ஒருத்தன் வாயத் தொறந்தாலும் அஞ்சு குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துடும்."

அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பரிதாபம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சந்தைக்குச் சந்தை ஒரு பொய்யை மடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாரே என்று இருந்தது. திட்ட வாயெடுத்தவள், வேறு ஒன்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

"சித்தப்பா பீடிய வுட்டுட்டாருதானே?"

"எங்க வுட்டான்? தெனம் இந்தக் களத்துக்கு வந்து எங்கிட்ட ஒண்ணு வாங்கிக் குடிப்பான். வேப்பங்குச்சிய மென்னு துப்பிட்டு வூட்டுக்குப் போவான். பாவம், அந்தப் பொண்ணு நம்பிட்டிருந்துச்சி."

சொல்லி முடித்ததும்தான் அவருக்கே புரிந்தது. பீடி வாடை விவகாரத்தைச் சின்னம்மா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாளே. நாங்கள் இருவரும் அவள் வீட்டுக் கூரையைப் பார்த்தோம்.

அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. சுகாதார நிலையத்தில் கொடுத்த மருந்தில் இறங்குவதும் ஏறுவதுமாக நான்கு நாள் போனது. சின்னம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து ஊர்ப் பூசாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்பா தடுத்துப் பார்த்தார். "எலி ஓடுதும்மா. அதுக்குப் போயி பூசாரி எதுக்கு?"

"எலி பீடி குடிக்குமா மாமா?" என்றாள் சின்னம்மா.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மரத்துல ஆணி அடிச்சி கட்டிட்டா அதுக்கப்புறம் அவனால படையலுக்குக்கூட வர முடியாது" என்றார். குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். பதினேழு வயதுக்காரியிடம் என்ன வழி கேட்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

நானே சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அவள் சித்தப்பாவின் சட்டைகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குக் கட்டாயம் வந்துவிடுவார், பரணில் இருந்தால் சட்டையிலும் பீடி நாற்றம் ஏறிவிடும் என்றாள். நான் ஒரு சட்டையை எடுத்து அவளோடு சேர்ந்து மடித்தேன். அதைத்தான் செய்தேன். வாய் வரை வந்தது, வந்த வழியே போனது. அப்பா ஜெயிலுக்குப் போவார் என்ற பயமா, அவள் முகம் மாறுவதைப் பார்க்கிற பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் பூசாரி வந்தார். உடுக்கையோடு வந்த ஒல்லியான மனிதர். வீட்டுக்கு உரியவளே விரட்ட வேண்டும் என்று சின்னம்மா கையில் வேப்பங்கொத்தைக் கொடுத்தார். பரணுக்குக் கீழேயிருந்து வாசல் வரைக்கும் அவள் கூட்டிக்கொண்டே வர, அவர் கேட்டார்.

"இது யாரு வூடு?"

"எம் புருசன் வூடு."

"வந்திருக்கிறது யாரு?"

"எவனோ. எனக்குத் தெரியாதவன்."

"சொல்லு அவனுக்கு."

"போடா வெளிய. எம் புருசன் இல்லாத வூட்டுல ஒனக்கு இன்னா வேல?"

மூன்று தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்து குரல் உயர்ந்தது. அவ்வளவு தைரியமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊர் எல்லையில் இருந்த புளியமரத்தில் ஆணி அடிக்க வேண்டியது வீட்டு ஆண். புருஷன் ஊரில் இல்லாததால் அண்ணன். எலுமிச்சம்பழத்தில் ஆணியைக் குத்தி மரத்தில் வைத்து அப்பாவிடம் சுத்தியலைக் கொடுத்தார் பூசாரி. அப்பாவின் முதல் அடி அவர் விரலிலேயே விழுந்தது. இரண்டாவது அடியில் ஆணி தெறித்தது. "யாராவது புடிங்க" என்றார் பூசாரி. வேறு யாரும் நகரவில்லை. நான் போய்ப் பிடித்தேன். அந்த நேரத்தில்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா அடித்தார். ஆணி இறங்குவது என் விரல்களில் தெரிந்தது.

இப்போது நான் கணியம்பாடியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அந்த ஐந்து குடும்பங்களும் இன்னும் மலை மேலேதான் இருக்கின்றன. அதனால் இதில் யார் பெயரையும் எழுதவில்லை. பெயர் இல்லாமல் எழுதுவதுதான் என்னால் முடிந்தது, இதுவும் யாருக்கும் உதவப் போவதில்லை.

அன்று நாங்கள் திரும்பி வந்தபோது சின்னம்மா வாசலில் மஞ்சள்தண்ணீர் தெளித்து முடித்திருந்தாள். குழந்தை எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. சின்னம்மா அப்பாவின் விரலுக்குத் துணி கிழித்துக் கட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

"அடுத்த தபா அவரு போன் பண்ணா மறக்காம சொல்லுங்க மாமா" என்றாள். "வூட்டுல இருந்தத வெரட்டிட்டேன், இனிமே தைரியமா வரலாம்னு சொல்லுங்க."

அப்பா கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே, "சொல்றேம்மா" என்றார்.