பயந்தாங்கொள்ளிக்குக் கிடைத்த ஆய்வு நல்கை

வாழ்க்கையில் நான் வாங்கிய அடிகளிலேயே மிகவும் நியாயமான அடி, கிள்ளானில் ஒரு சாவு வீட்டில் வாங்கியது.

செத்தவர் லோரி ஓட்டுநர். பாராங் கத்தியால் வெட்டியிருந்தார்கள். நான் துக்கம் விசாரிக்க மட்டும் போகவில்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளன் நான். நம் பையன்கள் ஏன் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வு. கேட்டால் வீரன் மாதிரி இருக்கும். நான் குடியிருக்கும் தாமானில் நாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிற ஆள் நான்.

கூடாரத்துக்குள் உறுமி அதிர்ந்தது. வெளியே செத்தவரின் கூட்டாளிகள் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாலை போடக் குனிந்தபோது கழுத்துத் துணி விலகிவிட்டது. காதிலிருந்து காறை எலும்பு வரை தையல், அரிசி மூட்டையைத் தைத்த மாதிரி. அங்கிருந்து போனால் போதும் என்று வாசலுக்கு வந்து, அங்கே கண் சிவந்து நின்றிருந்த பெரிய உடம்புக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, சிரித்த முகமாகச் சொன்னேன்:

"அப்ப போயிட்டு வரேண்ணே!"

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரேன் என்றால் அடுத்த சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். தமிழர் இறப்புச் சடங்குகளைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது அந்த நேரத்தில் தெரியவில்லை.

உறுமி நின்றது.

"என்னா சொன்ன?"

"இல்லண்ணே, சும்மா போறேன்னு..."

"திரும்ப வருவியா? யாருக்குடா வருவ? எனக்கா?"

முதல் அறையில் என் மூக்குக்கண்ணாடி பறந்தது. யாரோ அதை மிதித்தார்கள். ஹெல்மெட்டால் விலாவில் ஒன்று விழுந்தது. தரையில் கிடந்தேன், கழுத்தில் ஒரு சிலிப்பர் கால். எங்கள் துறையில் இதற்குப் பங்கேற்று உற்றுநோக்குதல் என்று பெயர். கண்ணாடி போய்விட்டதால் உற்றுநோக்க முடியவில்லை. பங்கேற்பு மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

காப்பாற்றியவர் செத்தவரின் அக்கா. கால் கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கி எங்கள் எல்லார் மேலும் ஊற்றினார். "உள்ள ஒரு பொணம் கெடக்கு! வெளிய இன்னொன்னு போடப் போறீங்களா?"

விலா ஆறத் தொடங்கியதும் நன்றி சொல்லப் போனேன். பாசார் சந்தையில் கோழிக்கடை வைத்திருந்தார்.

"எப்படி சார் இருக்கு?"

"சிரிச்சா வலிக்குதுக்கா."

"அப்ப சிரிக்காதீங்க லா."

கோழியைப் பிளந்துகொண்டே, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். தம்பியை வெட்டிய அன்று அவரும் அதே லோரியில் வந்திருக்கிறார். கேரி தீவிலிருந்து திரும்பும் வழியில் இளநீர் வாங்க இறங்கியிருக்கிறார். கடைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். வெட்டியவன் முகத்தையும், பின்னால் நின்ற காரில் கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருந்த, டத்தோ பட்டம் வாங்கிய முதலாளியின் முகத்தையும். அந்த டத்தோவின் லோரியைத்தான் தம்பி ஓட்டினார். லோரியில் என்ன போகிறது என்று கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"நான் அங்க இருந்ததே யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அடுத்த கழுத்து என்னோடது. உங்ககிட்ட சொல்றேன், எழுதி வைங்க. என் பேரு வரக்கூடாது."

வராது என்று சத்தியம் செய்து, அவர் குரலைப் பதிவு செய்துகொண்டு வந்தேன்.

விதிப்படி பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் போனேன். பெயர் சொல்லவில்லை. பாசாரில் வேலை செய்யும் ஒருவர், நேரில் கண்டவர் என்று மட்டும் சொன்னேன். ஆய்வில் பங்கெடுப்பவரைப் பாதுகாக்க ஏற்பட்ட குழு அது. எங்கள் புதுக் கட்டடத்துக்கு அதே டத்தோதான் கொடை கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

டீன் கூப்பிட்டார். தேநீர் கொடுத்தார். எங்கள் டீன் தேநீர் கொடுத்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"டாக்டர், அந்த ரெக்கார்டிங் எல்லாத்தையும் ஃபேக்கல்டிகிட்ட ஒப்படைச்சிடுங்க. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"யோசிச்சு சொல்றேன் சார்."

"காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். அதையும் சேர்த்து யோசிங்க."

யோசிக்க பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். நல்ல மத்தியானக் கூட்டம். சோற்றில் சாம்பாரை ஊற்றும்போது, வெளியே நிறுத்தியிருந்த என் காரின் முன்கண்ணாடி வெடித்தது. மோட்டாரில் வந்த ஒருவன் இரும்புக் கம்பியால் மறுபடியும் மறுபடியும் அடித்தான். நான் என்ன செய்தேன் என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மேசைக்கு அடியில் இருந்தேன். இலையையும் கூடவே இறக்கிக்கொண்டேன்.

பரிமாறுகிறவர் குனிந்து பார்த்தார். "அங்கிள், ரசம்?"

"கீழயே ஊத்துங்க."

அடுத்துக் குனிந்தது கம்பிக்காரன். ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்திப் பிரியமாகச் சிரித்தான். "வாத்தியாரே, பாசார்ல யாருகிட்ட பேசுறீங்க?" நான் வாயைத் திறக்கவில்லை. இது தைரியமில்லை, தாடை பூட்டிக்கொண்டது. தரையில் ஊன்றியிருந்த என் இடது கைச் சுண்டுவிரல் மேல் கம்பியை வைத்துக் காலால் மிதித்தான். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். கடையில் ஒருவரும் எழவில்லை. நானும்தான் எழவில்லை.

என்னுடன் படித்த ஒருவர்தான் அந்த நல்கையைப் பற்றிச் சொன்னார். மிரட்டலுக்கு ஆளான ஆய்வாளர்களுக்கு வெளிநாட்டில் ஒரு வருடம் தருகிறார்கள்: பூட்டு வைத்த ஓர் அறை, உதவித்தொகை, என்ன எழுதலாம் எழுதக்கூடாது என்று சொல்ல ஆளில்லாத நிலை. காணொளியில் நேர்காணல். உங்கள் கல்விச் சுதந்திரம் எவ்வகையில் பாதிக்கப்பட்டது என்று ஓர் அம்மையார் மரியாதையாகக் கேட்டார். மாவுக்கட்டு போட்ட விரலைக் கேமரா முன்னால் காட்டினேன். "இந்த வகையில், மேடம்."

கிடைத்துவிட்டது. அன்றே பெட்டி கட்டினேன். குளிர் நாடாம், நான் வைத்ததெல்லாம் அரைக்கால் சட்டை. பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து மூடும்போதுதான், கம்பிக்காரன் பாசாரில் தேடிக்கொண்டிருப்பான் என்பது உறைத்தது. நான் விமானம் ஏறிவிடுவேன். அக்கா? மறுபடி அம்மையாரைப் பிடித்தேன்.

"தகவல் தந்தவரையும் அழைத்துவர வழி உண்டா?"

"ஆய்வாளருக்கும் குடும்பத்தினருக்கும் மட்டும்தான்."

"அக்கா குடும்பம்தானே?"

"உங்கள் சொந்தச் சகோதரியா?"

"கிள்ளானில் எல்லாரும் அக்காதான், மேடம்."

அவர் சிரித்தார். விதி சிரிக்கவில்லை.

முன்கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஒட்டிய காரில் பாசாருக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் குரலைக் கொண்டுபோகவா, அழித்துவிடவா என்று கேட்டேன். அக்கா என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பிக்காரன். அவனுக்கு வழி காட்டிக் கூட்டிவந்த புத்திசாலி நான்.

"கோழிக் கால் குடுக்கா," என்றபடி வெட்டுப் பலகையில் கையை ஊன்றினான். "வாத்தியாருகிட்ட என்னா கதை? அன்னைக்கு லோரியில நீயும் இருந்தியா?"

அக்காவின் கத்தி இறங்கியது. கையுறையின் நடுவிரல் நுனி பலகையில் தனியாகக் கிடந்தது. உள்ளே சதை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவன் போட்ட கூச்சலை வைத்துச் சொன்னால், கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். வலியில் அவன் கம்பியைச் சுழற்றியதில் தராசு நொறுங்கியது, கோழிக்கூண்டு சரிந்தது. அக்கா இரத்தத் தண்ணீர் வாளியை அவன் முகத்தில் வீசினார்.

"சார், என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஓடுங்க!"

ஓடினோம். மீன் பக்கம் ஐஸில் வழுக்கி விழுந்தேன். ஆராய்ச்சியாளனை அவனுடைய தகவலாளி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். காரில் ஏறினோம். அவர் கையில் கத்தி இன்னும் இருந்தது. துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மவள ஸ்கூல்லேர்ந்து ஏத்திக்கிட்டு வேற ஊருக்குப் போயிடுறேன். கொண்டுபோய் விடுங்க."

"சரிக்கா. அந்தக் குரலு?"

"அழிக்காதீங்க. எவன்கிட்டயும் குடுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் எழுதவும் செய்யாதீங்க."

"எப்ப சொல்வீங்க?"

"மவ படிச்சு, வேலையில நின்னு, பயமில்லாம நடக்கிறப்ப."

அவர்களை விட்டுவிட்டுத் திரும்பும்போது டீன் அழைத்தார். "யோசிச்சீங்களா?"

"யோசிக்கல சார். யோசிச்சா குடுத்துடுவேன்." சொல்லிவிட்டு, அவர் பதில் பேசுவதற்குள் கைப்பேசியை அணைத்தேன். வேலை போயிற்று.

இப்போது பூட்டு வைத்த அறையில் இருக்கிறேன். இங்கே என்னைக் கவனித்துக்கொள்ளும் பேராசிரியர் நல்ல மனிதர். மூன்றாம் அத்தியாயம் எங்கே என்று கேட்கிறார். இங்கே யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்களே என்கிறார். உண்மைதான். நேரில் கண்டவர் பேச வேண்டிய அத்தியாயம் அது. தலைப்பு மட்டும் இருக்கிறது. அதற்கு உரியவர் இன்னும் சரி சொல்லவில்லை என்றேன். அவர் அறிக்கையில் என்ன போடலாம் என்று கேட்டார். காத்திருக்கிறது என்று போடச் சொன்னேன்.

இந்தக் கட்டுரையை எழுதவும் அக்காவிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா என் தொழில மாத்துங்க, எடத்த மாத்துங்க, என்னைய கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க."

முதல் இரண்டையும் செய்திருக்கிறேன்.

"மூணாவது அத்தியாயம்க்கா?"

"மவ ஸ்கூல்ல இப்பதான் பாரம் நாலுக்குப் போயிருக்கா சார்."

"சரிக்கா," என்றேன்.