இசைத்தட்டின் இரண்டாவது பாட்டு

எழுபதுகளில், கம்பைநல்லூரில், என் கல்யாணத்துக்கு எந்த இசைத்தட்டு வேண்டுமென்று மைக் செட் பாயிடம் நானே சொன்னேன்.

"அதுல ரெண்டாவது பாட்டு எழவு வூட்ல போடறதுங்கம்மா. நாதஸ்வரத் தட்டு இருக்குதுங்களே?" என்றார் அவர்.

"அது தூங்குமூஞ்சித் தட்டுங்க பாய். மொதப் பாட்டு மட்டும் போட்டு எடுத்துருங்க."

மணவறையில் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு முடிந்தது. ஊசியை யாரும் எடுக்கவில்லை. புளியமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அந்த ஒப்பாரி ஊர் முழுக்க இறங்கியது. ரேடியோவில் நான் உருகி உருகிக் கேட்ட அதே பாட்டு. இப்போது கழுத்து மாலைகூடச் சில்லிட்டது. தாலி இன்னும் தாம்பாளத்தில்தான் இருந்தது.

மாமியார் எழுந்துவிட்டார். "கண்ணாலத்துல எழவுப் பாட்டா? யாருங்க போடச் சொன்னது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பந்தியிலிருந்து பாய் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

"நான்தாங்க. தட்டு மாறிப்போச்சு." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நாதஸ்வரத் தட்டு ஒலித்தது. தாலி ஏறியது.

அதற்குப் பிறகு எந்தத் தட்டையும் நான் தூங்குமூஞ்சி என்று சொன்னதில்லை. இன்றும் எனக்குப் பிடித்தது அந்தப் பழைய இசைத்தட்டுதான். ஆனால் முதல் பாட்டு முடியப்போகும்போது எழுந்து போய், ஊசியின் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.