வெட்டிய பெயர்

"படத்துல யாருமே மூஞ்சிய மறைக்கலையே, நீ ஏம்மா பேரை மறைக்கிற?" இது என் எட்டு வயது மகளின் கேள்வி.

சிட்னியிலிருந்து விடுமுறைக்கு வந்து, மெல்பர்னில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறோம். சுவர் முழுக்க, அறுபதுகளின் அமெரிக்காவில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்களின் புகைப்படங்கள். துணிச்சலைப் பற்றி அரைமணி நேரமாக மகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அதன் பலன், குழந்தைகள் பதாகை எழுதும் மேசையில் தெரிகிறது. என் பெயரையும் நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தின் பெயரையும் போட்டு, 'என் அம்மாவுக்குச் சாப்பிட நேரம் கொடுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறாள்.

பாய்ந்து போய்ப் பிய்க்கிறேன். அங்கே பணியில் இருக்கும் ஈழத்து அக்கா சிரிக்கிறார்.

"உங்கட மனேஜர் சிட்னியில இருந்து இதைப் பாக்க வாறாரோ?"

"என் விசா அவங்க கையில இருக்குக்கா."

சிரிப்பு நிற்கிறது. "ஓம், விளங்குது. நானும் அப்பிடி இருந்தனான்." கத்தரிக்கோலை நீட்டுகிறார். "பேருகளை மட்டும் வெட்டுங்கோ. மிச்சம் சுவரில இருக்கட்டும்."

வெட்டுகிறேன். அப்போதுதான் மகள் அதைக் கேட்கிறாள்.

"பி.ஆர். வரட்டும், இங்கயே நிரந்தரமா இருக்க அனுமதி கிடைக்கட்டும், சொல்றேன்" என்கிறேன். அவள் நாய்க்குட்டி கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.

வெட்டிய துண்டு கைப்பையில் இருக்கிறது. அவளுக்கு என்ன சொல்லலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். உங்கள் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.