நெற்றியில் ஒற்றிய தாள்

2023 மார்ச் ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கு, எண்ணெய் வழியும் முகங்களுக்கெனத் தான் தயாரித்த களிம்பைத் தொழிலாளர்களிடம் சோதித்துப் பார்க்க ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை வாசலில் நின்ற அனிதா மேரி, தொழிலாளி கிளமெண்டை முதன்முதலாகச் சந்தித்தாள். இந்தச் சோதனையும் தோற்றால் தொழிலையே விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தாள்.

"என் மூஞ்சி எண்ணெ மட்டும் நின்னுச்சுன்னா மீசையவே எடுத்துடறேம்மா!" என்று சிரித்தார் கிளமெண்ட்.

இரண்டு வாரமாகியும் எண்ணெய் குறையவில்லை. சோர்ந்துபோய் வாசலுக்கு வந்தவள், களிம்பின்மேல் அவர் தேங்காயெண்ணெய் தேய்ப்பதைக் கண்டாள்.

"என்னண்ணே இது?"

"சிமெண்ட் தூசி ஒட்டாம இருக்க எல்லாரும் தடவுறதுதானேம்மா!"

எண்ணெயை நிறுத்தி, முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ளச் செய்தாள். அடுத்த வாரம், எண்ணெய் வழிகிறதா என்று பார்க்க அவர் நெற்றியில் ஒற்றிய தாள் கறையின்றி வந்தது. தொழிலாளர்கள் கைதட்டினார்கள்; அவள் கொண்டுவந்த களிம்பு டப்பாக்கள் அன்றே விற்றுத் தீர்ந்தன.

கிளமெண்ட் கடன்பட்ட மீசையை அனிதா இன்றுவரை கேட்கவில்லை.