மடங்கக் கூடாத இடுப்பு

முப்பது வயதைத் தாண்டியதுமே இடுப்பு மூட்டை மாற்றவேண்டி வரும் என்று யார் நினைப்பார்கள்? ரத்த ஓட்டம் நின்று எலும்பின் முனை செத்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது ஒரே ஒரு விதிதான் எனக்கு மனப்பாடமாக இருந்தது. உட்கார்ந்தபடி முன்னால் குனியக் கூடாது. குனிந்தால் புது மூட்டு நழுவிவிடலாம். நழுவினால் மறுபடி ஆஸ்பத்திரி, ஒருவேளை மறுபடி கத்தி.

என் நான்கு வயது மகளைக் கண்டாலே பயம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் "மம்மி, கோதி!" என்று கைகளை நீட்டுவாள். பள்ளியில் பழகிய இந்தியில் தூக்கச் சொல்கிறாள். "அப்புறம் கண்ணு" என்று எங்கள் இருவருக்கும் நடுவே வாக்கரை நிறுத்திக்கொள்வேன். அவள் முகம் சுருங்கிவிடும். இனி இவளைத் தூக்கவே முடியாமல் போய்விட்டால்?

என்னைப் பார்த்துக்கொள்ள மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். ரத்தம் உறையாமலிருக்கத் தொடைவரை ஏறும் இறுக்கமான காலுறை ஒன்றைத் தினமும் காலையில் மாட்டவேண்டும். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மாமியார் மடியில் என் கால்! கூசிப்போகும்.

"வேண்டாம் அத்தை, அவர் ஆபீஸிலேர்ந்து வந்து போடட்டும்."

"அவன் வாரதுக்குள்ள ரத்தம் உறைஞ்சிரும். காலை நீட்டுட்டி."

ஒருநாள் காலுறை குதிகாலில் சிக்கிக்கொண்டது. அவர் பலமாக இழுத்தபோது பிடி நழுவி, என் பாதம் அவர் நெஞ்சில் போய் இடித்தது. யோசிக்கவே இல்லை. பதறிக் குனிந்து, எட்டி அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இடுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"என்னட்டி செய்த!"

அப்படியே மெதுவாகத் தலையணையில் சாய்ந்தேன். வலிக்கிறதா, வலிக்கப்போகிறது என்ற பயமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிசியோதெரபி சொல்லித்தரும் பெண்ணுக்கு போன் போட்டேன். இரண்டு காலும் ஒரே நீளமா, பாதம் திரும்பியிருக்கிறதா என்று அவள் இந்தியில் கேட்டாள். மாமியார் இரண்டு குதிகாலையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

"ஒண்ணு போலத்தான் இருக்கு."

"நல்லாப் பாருங்க அத்தை."

"பாத்துட்டேன்."

"இன்னொரு தடவை..."

"விரலையும் எண்ணிப் பாக்கட்டா?"

மெல்ல எழுந்து நில்லுங்கள் என்றாள் போனில் இருந்தவள். நிற்பதாலேயே நழுவிவிட்டால்? "பக்கா?" என்று கேட்டேன். "பக்கா, தீதி" என்று அக்கா முறை வைத்து உறுதி சொன்னாள். மாமியார் தோளையும் வாக்கரையும் பிடித்து எழுந்தேன். கால் தாங்கியது. சில சமயம் தசை அப்படிச் சத்தம் போடும், ஆனால் இன்னொரு முறை இப்படிக் குனியாதீர்கள் என்று கண்டித்துவிட்டு வைத்தாள்.

"அத்தை, உங்க மேல கால் பட்டுடுச்சேன்னுதான்..."

"உன் மவ ராத்திரி முழுக்க என் வயித்துல மிதிக்கா. அவளும் எந்திச்சு எந்திச்சுக் கும்பிட்டா நான் எப்பம் உறங்க?"

சிரிப்பு வந்தது. சிரித்தால் ஏதாவது ஆகுமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காலுறையைக் கையில் எடுத்ததுமே சொன்னார்: "முதல்ல கையைக் கட்டு."

வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைபோலக் கட்டிக்கொண்டேன். காலுறை குதிகாலைத் தாண்டும்போது என் பாதம் அவர் முழங்கையில் உரசியது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கைவிரல்கள் துடித்தன. அக்குளுக்குள் அவற்றை இறுக்கிக்கொண்டு, அந்தச் சத்தம் மறுபடி வருகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.