காய்ந்த தூளில் லிட்மஸ் வைத்தவருக்கும் சேர்த்து

காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். போன் வந்தது. "அங்கிள், அப்பா போயிட்டாரு" என்றாள் தேவராஜ் அண்ணனின் மகள். மீதி ஷட்டரை நான் தூக்கவில்லை.

தாம்பரம் மார்க்கெட்டில் அவரைத் தெரியாத வியாபாரி இல்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு என்னோடு பினாயிலும் ஆசிடும் விற்க வந்த கூட்டாளி. சேலையூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர், குழாய்களில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கும். அதற்கு சிட்ரிக் ஆசிட் தூள் போடலாம் என்பது அவர் யோசனை. "ஹைட்ரோகுளோரிக் தண்ணியில விழுந்ததும் மொத்தமா பிரிஞ்சிடும். கறையோட சேத்து குழாயையும் தின்னுடும். சிட்ரிக் கொஞ்சமாத்தான் பிரியும். மீதிய கையில வெச்சிக்கினு, செலவாகச் செலவாகத்தான் அவுத்து வுடும்" என்பார்.

கேம்ப் ரோட்டில் எங்களுக்குப் போட்டியாகக் கடை வைத்திருப்பவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். உங்களுக்கே தெரியும். எங்கள் தூளை வாங்கவிருந்த ஓர் அடுக்ககத்தின் கூட்டத்தில், அந்தத் தூளைத் தட்டில் கொட்டி, அதன்மேல், ஆசிட் பட்டால் சிவக்க வேண்டிய நீல லிட்மஸ் காகிதத்தை வைத்தார். நிறம் மாறவில்லை.

"பாத்தீங்களா சார்? ஆசிடும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் உப்பு."

"யோவ், தண்ணி ஊத்துயா! தண்ணி இல்லாம அது எப்டிப் பிரியும்? பிரியாம எப்டிய்யா காகிதம் சிவக்கும்?" என்று அண்ணன் கத்தினார்.

"தண்ணி ஊத்தினா சிவக்கறதுக்கு இது இன்னா, ஆரத்தியா அண்ணே?"

கூட்டம் சிரித்தது. நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தினமும் ஆசிட் விற்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தார்.

அன்றிலிருந்து 'டூப்ளிகேட் தேவராஜ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணன் ஒரு வாரம் கத்தித் தீர்த்தார். பிறகு அதே ஆளோடு நின்று டீ குடித்தார். நான் முறைத்தேன். "வுடுப்பா. என் கோவம் மொத்தமா பிரிஞ்சு தீந்துடுற ரகம். உன்னுது சிட்ரிக்" என்று சிரித்தார்.

சாவு வீட்டுக்கு அந்த ஆள் ரோஜா மாலையோடு வந்தார். "நேர்மையான யாவாரிப்பா" என்று என் கையைப் பிடித்தார். அந்த வார்த்தையை அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்கத்தில் படத்திறப்பு. எல்லோரும் வாருங்கள். அண்ணன் படத்துக்கு முன்னால் எங்கள் தூள், ஒரு டம்ளர் தண்ணீர், நீல லிட்மஸ் மூன்றும் இருக்கும். அந்த ஆளுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறேன். தூளைக் கரைப்பதும் அவர்தான், காகிதத்தை நனைப்பதும் அவர்தான். சிவந்ததை எல்லோருக்கும் தூக்கிக் காட்டட்டும்.

மன்னிப்பை அண்ணன் தன்னோடு கொண்டுபோய்விட்டார். எனக்கு விட்டுப்போனது அந்தத் தூளும், அவர் எனக்கு வைத்த பெயரும்தான். சிட்ரிக். இன்னும் முழுதாகப் பிரியவில்லை.